பின்னங்கால் எலும்பு முறிந்த குதிரை: மலையிலேயே வைத்துப் பார்ப்பதா, சேலத்துக்கு இறக்குவதா?

ஏரிக்கரையான்

வணக்கம். ஏற்காடு ஏரிக்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளில் இரண்டு எங்கள் வீட்டுடையவை. தொழிலைப் பார்ப்பது அண்ணன். நான் கீழே சேலத்தில் வேலை பார்க்கிறேன், சனி ஞாயிறு மேலே போய்க் கூடமாட ஒத்தாசை செய்வேன். எங்கள் செவலைக்கு எட்டு வயது, பெட்டை, நாட்டு மட்டம்தான், ஆனால் கொஞ்சம் உயரம், எடை 250 கிலோ பக்கம் வரும். போன வாரம் சாயங்காலம் கொள்ளு வைக்கிற நேரத்தில் பக்கத்தில் கட்டியிருந்த வேறொருவர் குதிரை விட்ட உதை இதன் இடது பின்னங்காலில் விழுந்துவிட்டது. ஹாக் மூட்டுக்கும் (பின்னங்காலின் நடுவில் பின்பக்கமாகத் துருத்தி நிற்கும் மூட்டு) கணு மூட்டுக்கும் நடுவில், வெளிப்பக்கம். தோல் கிழிந்து ரத்தம், குளம்பின் நுனியை மட்டும் தரையில் தொட்டுக்கொண்டு நின்றது.

மறுநாள் காலையே ஒரு குட்டியானை வண்டி பிடித்து, கொண்டை ஊசி வளைவு இருபதையும் ஊர்ந்தே இறங்கி, சேலத்தில் எக்ஸ்ரே எடுத்தோம். பெரிய எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்பிளின்ட் எலும்பு பாதிக்குக் கீழே முறிந்திருக்கிறது என்றார் டாக்டர். புண்ணைக் கழுவி, கனமாகக் கட்டுப் போட்டு, டெட்டனஸ் ஊசி, ஆன்டிபயாடிக், வலிக்கு மருந்து எல்லாம் கொடுத்தார். இரண்டு மாதம் கொட்டகையை விட்டு நகரக் கூடாது, அப்புறம் இன்னொரு படம் எடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். அன்றே மேலே கொண்டு வந்துவிட்டோம்.

இப்போது ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஏரிக்கரையில் பாதிப் பேர், கால் போன குதிரை போனதுதான், தீனி செலவு வீண் என்கிறார்கள். எங்கிருந்தோ மோப்பம் பிடித்து ஒரு வியாபாரி வந்து அடிமாட்டு விலைக்குக் கேட்டுவிட்டுப் போனார். அம்மா விற்கவே கூடாது என்று நிற்கிறார். அண்ணனுக்கு மே மாதக் கோடை விழாவுக்குள் செவலை எழுந்து நிற்க வேண்டும், அவர் வருஷ வருமானத்தில் பெரிய பங்கு அந்த ஒரு மாதத்தில்தான். கன்னங்குறிச்சியில் மாமா வீட்டு மாட்டுக் கொட்டகை காலியாகக் கிடக்கிறது, சமதரை, டாக்டரும் பக்கம், அங்கே இறக்கிவிடலாமா என்று நான் யோசிக்கிறேன். குதிரை வைத்திருந்தவர்கள், கால் முறிவு பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இது தேறுமா? தேறும் என்றால் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது?

பழைய சயீஸ்

தம்பி, முதல் வேலையாக அந்த வியாபாரியை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கால் முறிந்த குதிரையைக் கேட்டு வருகிறவன் வைத்தியம் பார்ப்பதற்காக வாங்க மாட்டான். வலி மரத்துப்போக ஊசியைப் போட்டு ஏதாவது கல்யாண ஊர்வலத்தில் நிறுத்துவான், அதுவும் முடியாவிட்டால் இன்னும் கீழே தள்ளிவிடுவான். நோயோ காயமோ இருக்கிற பிராணியை வேலை வாங்குவது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், ஆனால் ஊர்வலத்தில் தாளத்துக்கு ஆடும் குதிரையின் காலைக் குனிந்து பார்க்கிறவர் யார்?

கிண்டியில் சில வருஷம், சீசன் நேரத்தில் ஊட்டியில் என்று லாயத்திலேயே வளர்ந்தவன் நான். குதிரைக்குக் கால் உடைந்தால் சுட்டுவிட வேண்டியதுதான் என்பது சினிமா பார்த்து எல்லார் மண்டையிலும் ஏறிய பேச்சு. முழுப் பொய்யும் இல்லை. எந்தக் கால் என்பதைவிட எந்த எலும்பு, அதில் எந்த இடம் என்பதுதான் கேள்வி. முழங்காலுக்கும் ஹாக்குக்கும் கீழே குதிரைக்குச் சதையே கிடையாது. தோல், அதற்குள் தசைநார், அதற்குள் எலும்பு, அவ்வளவுதான். ரத்த ஓட்டம் குறைவு, அதனால் சீக்கிரம் கூடாது. எலும்பு முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வர அதிக நேரமும் ஆகாது. நடுவில் இருக்கும் அந்தப் பெரிய எலும்பு, கேனன் என்பார்கள், இரண்டாக உடைந்து வெளியே நீட்டிக்கொண்டு வந்திருந்தால் நான் உங்களிடம் வேறு மாதிரிப் பேசியிருப்பேன்.

உங்களுடையது ஸ்பிளின்ட். கேனனுக்கு இரண்டு பக்கமும் பின்னால் ஒட்டிக்கொண்டு மேலே தடித்து, கீழே போகப் போக மெலிந்து முடியும் குச்சி எலும்பு. மேல் தலை ஹாக் மூட்டைத் தாங்குகிறது, கீழ்ப் பாதி பெரிதாக எதையும் தாங்கவில்லை. பின்னங்காலில் வெளிப்பக்க ஸ்பிளின்ட் முறிந்தது என்றால் பத்துக்கு எட்டு பக்கத்துக் குதிரை உதைத்ததாகத்தான் இருக்கும், லாயத்தில் அடிக்கடி பார்க்கிற சங்கதி. பாதிக்குக் கீழே முறிந்தவை திரும்பவும் ஓடியதைப் பார்த்திருக்கிறேன், நடையில் வித்தியாசம்கூடத் தெரியாது. தொட்டால் ஒரு முண்டு மட்டும் கையில் தட்டும்.

ஆனால் உடைந்த காலையே பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். தினமும் உடையாத காலைத் தொட்டுப் பாருங்கள். ஏன் என்று டாக்டர்மார் யாராவது வந்தால் விளக்கமாகச் சொல்வார்கள்.

சேலத்து மாப்ள

அண்ணா, இங்கிலீஷ் மருந்தை நம்பி இரண்டு மாதம் ஏன் காத்திருக்கிறீர்கள்? மனுஷனுக்கே புத்தூர் கட்டில் எலும்பு கூடுகிறது. மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துத் துணியில் தடவி இறுக்கிக் கட்டினால் மாட்டுக்கே இருபது நாளில் கூடிவிடும். எங்கள் ஊரில் ஒருவர் ஆடு மாடுக்கெல்லாம் கட்டுகிறார், வேண்டுமானால் விசாரித்துச் சொல்கிறேன்.

நாமக்கல் மருத்துவர்

கால்நடை மருத்துவர் என்ற முறையில் எழுதுகிறேன். குதிரையையும் படத்தையும் பார்த்தவர் உங்கள் டாக்டர், அவர் சொல்வதுதான் கணக்கு. பொதுவாகச் சிலது சொல்லலாம்.

முதலில் மேலே நண்பர் சொன்ன கட்டு. வேண்டவே வேண்டாம். மூடிய முறிவுக்கே பத்தை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எலும்பின் நடுவில் பத்தை முடிந்தால் அந்த முனையே நெம்புகோலாகி முறிவை இன்னும் பிளக்கும். உங்களுடையது திறந்த புண். உளுந்து மாவையும் முட்டையையும் புண்மேல் பூசிக் காற்றுப்புகாமல் இறுக்கினால் உள்ளே சீழ் வைத்து எலும்பு வரை போகும். போதாததற்கு டெட்டனஸ். வீட்டுப் பிராணிகளில் டெட்டனஸுக்கு மிக எளிதாக இரையாவது குதிரை. ஊசி போட்டது சரி, முன்பு எப்போதும் போடாத குதிரை என்றால் அடுத்த ஊசி எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஊசியோடு விட்டால் பாதுகாப்பு நிற்காது.

முறிவை விடப் புண்ணைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. உதையில் எலும்பு நொறுங்கும்போது சின்னத் துணுக்கு ஒன்று ரத்த ஓட்டம் அறுந்து செத்துப்போய் உள்ளேயே கிடக்கும். மேலே தோல் மூடியது மாதிரி தெரியும், ஒரு வாரம் கழித்து ஒரு சின்னத் துவாரம் வழியாகச் சீழ் கசியும், ஆன்டிபயாடிக் கொடுத்தால் நிற்கும், நிறுத்தினால் மறுபடி கசியும். அப்படி நடந்தால் இரண்டு மாதம் காத்திருக்காமல் மூன்றாவது நான்காவது வாரமே படம் எடுங்கள். செத்த துணுக்கு முதல் படத்தில் தெரியாது, அந்தச் சமயத்தில்தான் தனியாகப் பிரிந்து தெரியும். அதை எடுத்துவிட்டால் புண் மளமளவென்று மூடும். முறிந்த கீழ்த் துண்டையே எடுத்துவிடுவதும் உண்டு, அது இல்லாததால் குதிரைக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. சேலத்திலிருந்து நாமக்கல் கால்நடைக் கல்லூரி பக்கம், பெரிய அறுவை என்றால் சென்னை வேப்பேரி. அவசரத்துக்கு 1962 எண்ணில் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

வலி மருந்து விஷயம். டாக்டர் எழுதிய அளவுக்கு மேல் ஒரு வேளைகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள், இரண்டு வகை வலி மருந்தைச் சேர்த்தும் கொடுக்காதீர்கள். குதிரைக்கு வயிற்றிலும் குடலிலும் புண் வரும், தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகமும் கெடும். மருந்துக் கடையில் மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக் ஊசியை எடுத்துக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். கால்நடைக்கு அது 2006இலேயே தடை செய்யப்பட்டது, அந்த மருந்து ஏறிய பிணத்தைத் தின்றுதான் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. இன்னொன்று, வலி சுத்தமாக இல்லாவிட்டால் குதிரை துள்ளும், கொட்டகைக்குள்ளேயே சுற்றும். கொஞ்சம் வலி இருப்பது நமக்குக் காவல்காரன்.

சயீஸ் ஐயா சொன்ன உடையாத கால். குளம்புக்குள் இருக்கும் எலும்பும் வெளிக் கொம்புச் சுவரும் நகமும் சதையுமாக மெல்லிய மடிப்புகளால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. குதிரை நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் குளம்பு அமுங்கி விரிந்து அங்கே ரத்தம் ஓடும். ஒரு காலில் வலி என்று எதிர்க்கால் இடைவிடாமல் எடையைத் தாங்கி அசையாமல் நின்றால் அந்த மடிப்புகளுக்கு ரத்தம் போகாமல் அவை விட ஆரம்பிக்கும். லேமினைட்டிஸ் என்பது இதுதான். செவலைக்கு வலது பின்னங்கால். காலையும் மாலையும் அந்தக் குளம்பைக் கையால் தொட்டுப் பாருங்கள், மற்றக் குளம்புகளைவிடச் சூடாக இருக்கிறதா என்று. கணு மூட்டின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் விரலை மெதுவாக வைத்தால் நாடி லேசாகத்தான் கிடைக்க வேண்டும். படபடவென்று அடித்தால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். முறிந்த காலில் எடை போடாமல் தவிர்த்துக்கொண்டிருந்த குதிரை திடீரென்று அந்தக் காலிலேயே நன்றாக ஊன்றி நிற்கிறது என்றால் சந்தோஷப்படும் முன் மற்றக் காலைப் பாருங்கள்.

பந்தயப் பைத்தியம்

டாக்டர் சொன்னதற்கு உலகமே பார்த்த சாட்சி பார்பரோ. அமெரிக்காவில் 2006 மே முதல் வாரம் கென்டக்கி டெர்பி பந்தயம் ஜெயித்த குதிரை, இரண்டே வாரத்தில் பிரீக்னஸ் பந்தயத்தில் கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே வலது பின்னங்கால் நொறுங்கியது, ஒன்றல்ல மூன்று எலும்பு. தகடும் 27 திருகும் வைத்து ஒட்டினார்கள், நீச்சல் குளத்தில் மிதக்கவிட்டு மயக்கம் தெளியவைத்தார்கள், பணத்துக்கும் பஞ்சமில்லை, டாக்டருக்கும் பஞ்சமில்லை. ஜூலையில் இடது பின்னங்கால் குளம்பில் லேமினைட்டிஸ் வந்தது. 2007 ஜனவரி 29இல் ஊசி போட்டு முடித்தார்கள். உடைந்த காலை ஒட்டிவிட்டார்கள், நின்ற கால்தான் ஆளைக் கொன்றது.

மயக்கம் தெளியவைக்க ஏன் குளம் என்று கேட்டால் அதற்கு 1975இல் ரஃபியன் என்ற பெட்டைக் குதிரையின் கதை இருக்கிறது. அறுவை முடிந்தது, மயக்கம் தெளிந்ததும் பந்தயத்தில் ஓடுவதாகவே நினைத்தோ என்னவோ படுத்தபடியே நான்கு காலையும் உதைத்து எல்லாவற்றையும் மறுபடி உடைத்துக்கொண்டது.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. மில் ரீஃப் என்று 1971இல் இங்கிலாந்தின் எப்சம் டெர்பி ஜெயித்த குதிரை, அடுத்த வருஷம் பயிற்சியில் முன்னங்கால் முறிந்தது. அறுவை செய்து கட்டுப் போட்டு அடக்கமாக நிற்க வைத்தார்கள். சாதுவான குதிரை, சொன்னபடி கேட்டது என்பார்கள். பந்தயத்துக்குத் திரும்பவில்லை, ஆனால் பொலிக்குதிரையாக 1986 வரை இருந்தது, அதன் பிள்ளை ஷெர்லி ஹைட்ஸ் 1978இல் அதே டெர்பியை ஜெயித்தது. உங்கள் செவலையின் முறிவு இவை எதற்கும் பக்கத்தில்கூட வராது. குணம் எப்படி? நின்ற இடத்தில் நிற்குமா?

ஏரிக்கரையான்

எல்லாருக்கும் நன்றி. குணம்தான் பிரச்சினையே. கூட்டத்திலேயே இருந்து பழகிய குதிரை, தனியாகக் கட்டினால் கனைத்துக் கனைத்து ஊரைக் கூட்டுகிறது, முன்னங்காலால் தரையைத் தோண்டுகிறது. ஜோடிக் குதிரை காலையில் ஏரிக்கரைக்குப் போனதும் ஆரம்பித்தால் அது திரும்பும் வரை ஓயாது. சாணி கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது, உருண்டையும் சின்னதாக, காய்ந்து வருகிறது. தீனி வழக்கம்போல ஊறவைத்த கொள்ளு, கோதுமைத் தவிடு, பச்சைக்கு நேப்பியர் புல். உடம்பு தேற வேண்டும் என்று அண்ணன் தவிட்டைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார். வலது குளம்பு இன்றைக்குத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை.

நாகலூர்த் தோட்டத்து அக்கா

தம்பி, அந்தத் தவிட்டை இன்றைக்கே குறைக்கச் சொல்லுங்கள் அண்ணனிடம். எங்கள் தோட்டத்தில் இரண்டு குதிரை இருந்தது, தீனியைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதே ஒன்றுக்கு முகத்தெலும்பு வீங்கிய பிறகுதான். கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் எக்கச்சக்கம், கால்சியம் சொற்பம். நேப்பியரில் ஆக்சலேட் இருக்கிறது, அது புல்லில் உள்ள கொஞ்சநஞ்சக் கால்சியத்தையும் குடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். மாடு அதைச் சமாளித்துவிடும், குதிரையால் முடியாது. அப்போது உடம்பு ரத்தத்துக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்து உருவ ஆரம்பிக்கும். எலும்பு கூட வேண்டிய நேரத்தில் இதைவிட மோசமான தீனி யோசித்தாலும் கிடைக்காது. மாடு வைத்திருக்கிற ஊரில் மாட்டுத் தீனியே குதிரைக்கும் போகிறது, ஏற்காட்டில் பாதிக் குதிரைகள் இப்படித்தான் வளர்கின்றன.

குதிரைமசால் கிடைக்கும், நாமக்கல், சேலம் பக்கம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், கட்டு வாங்கி நிழலில் வாட்டிக் கொடுங்கள். கால்சியம் அதில் தாராளம். நிலக்கடலைக் கொடி காய்ந்தது இருந்தால் அதுவும் நல்லது, ஆனால் பூசணம் பிடித்த ஒரு கைப்பிடிகூட உள்ளே போகக் கூடாது, உதறி முகர்ந்து பார்த்துப் போடுங்கள். பச்சைச் சோளத்தட்டை வேண்டாம். வேலையில்லாமல் நிற்கிற குதிரைக்குக் கொள்ளு முன்பு போட்டதில் கால்வாசி போதும். ஒரேயடியாக நிறுத்தாமல் நாலைந்து நாளில் இறக்குங்கள். மொத்தத்தில் உலர்ந்த கணக்கில் உடம்பெடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு, 250 கிலோவுக்கு நாலைந்து கிலோ காய்ந்த தீவனம், அதையும் மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, நாள் முழுக்க மெல்ல ஏதாவது இருக்கும்படி.

சாணி குறைந்தது எனக்குப் பிடிக்கவில்லை. நல்லாயிருக்கிற குதிரை நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை போடும். நடையில்லாமல் நின்றால் குடல் மந்தமாகும், அதோடு மேலே இந்தக் குளிரில் தண்ணீர் பச்சையாக வைத்தால் குதிரை உதட்டை நனைத்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். வெதுவெதுப்பாக வையுங்கள், தீனியில் கொஞ்சம் உப்புப் போடுங்கள், வாளி எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். சுத்தமாகச் சாணி நின்றாலோ, திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்த்தாலோ, படுத்துப் புரள முயன்றாலோ காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

துணைக்கு ஒரு ஆடு வாங்கிக் கட்டுங்கள். சிரிக்காதீர்கள், பந்தய லாயங்களிலும் இதைச் செய்கிறார்கள். கொம்பில்லாத பெட்டை ஆடாக, குட்டி போட்டுப் பழகினதாக இருந்தால் நல்லது. எங்கள் குதிரை ஒரு வாரத்தில் ஆட்டோடு ஒட்டிக்கொண்டது, அப்புறம் ஆட்டை மேயவிட்டால் அதற்குக் கனைக்கும்.

இறக்குவது பற்றி: வேண்டாம் என்பேன். ஏப்ரலில் சேலத்தில் கூரைக்குக் கீழே மனுஷனே நிற்க முடியாது, ஈ மொய்க்கும், புண் இருக்கிற கால். மேலே குளுகுளுவென்று இருக்கிறதை விட்டுவிட்டு எதற்கு? கொட்டகைத் தரையை மட்டும் சரிசெய்யுங்கள்.

பழைய சயீஸ்

தீனி விஷயத்தில் அம்மா சொன்னதில் ஒரு சொல் மாற்றத் தேவையில்லை. இறக்குவதில் நான் எதிர்க்கட்சி. ஏற்காட்டில் சரிவில்லாத கொட்டகை எத்தனை? சரிவில் நிற்கிற குதிரை நாள் முழுக்க ஒரு பக்கமாகவே எடை போடும். பனியும் மூடுபனியும் ஏறித் தரை காயவே காயாது, மூத்திர ஈரத்தில் குளம்பின் அடியில் நடுவில் இருக்கும், தவளை என்று சொல்கிற மெத்தைப் பகுதி அழுகிக் கருப்பாக நாறும். ஈயை வலை போட்டு அடக்கலாம், சரிவை என்ன செய்வீர்கள்? நடக்கவிடும் கட்டம் வரும்போது சமதரை இல்லாமல் ஒன்றும் நடக்காது.

எங்கே வைத்தாலும் பத்தடிக்குப் பத்தடி இடம் போதும், அதற்கு மேல் விட்டால் சுற்றும். தரையில் அரையடிக்கு மேல் மரத்தூள் போடுங்கள், மேலே சில்வர் ஓக் அறுக்கிற இடத்தில் கிடைக்கும், பொடித் தூசியாக இல்லாமல் சீவல் கலந்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஆற்று மணல் இன்னும் நல்லது, குளம்பின் அடியை நிரப்பித் தாங்கும், ஆனால் தீனியைத் தரையில் போடக் கூடாது, மணலோடு சேர்த்துத் தின்று வயிறு அடைத்துக்கொள்ளும். தொட்டியிலோ வலைப்பையிலோ நெஞ்சு உயரத்தில் கட்டுங்கள். ஈரமான இடத்தைத் தினமும் அள்ளிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

குதிரை படுக்கிறதா என்று கவனியுங்கள். நின்றுகொண்டே தூங்கும் என்பது உண்மைதான், ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குக் கொஞ்ச நேரமாவது படுத்தாக வேண்டும். எழும்போது பின்னங்காலை உந்தித்தான் எழும், அதனால் கால் பிடிப்பாக நிற்கிற மாதிரி தரை இருக்கட்டும், சாக்கு விரித்து வைக்காதீர்கள், வழுக்கும்.

நாமக்கல் மருத்துவர்

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் கணக்கு வேறு: இப்போதைக்கு இடத்தைவிடப் பயணம்தான் பெரிய ஆபத்து. உதை பட்ட எலும்பில் படத்தில் தெரியாத மெல்லிய விரிசல் கேனனில் இருக்கலாம், முதல் நாள் படத்தில் சில விரிசல் அகப்படாது, பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் தெரியும். அப்படி ஒன்று இருந்து, இருபது வளைவில் வண்டி குலுங்கி, குதிரை காலை மாற்றி மாற்றி ஊன்றினால் விரிசல் பிளந்துவிடும். எனவே முதல் மூன்று வாரம் மலையிலேயே அசையாமல் இருக்கட்டும், தரையைச் சமப்படுத்துங்கள். மூன்றாவது வாரம் ஒரு படம் எப்படியும் நல்லது என்பது என் எண்ணம், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவி மேலேயே வருமானால் இன்னும் நல்லது. வராவிட்டால் அந்தப் பயணத்தையே ஒரேயடியாக இறக்குவதாக வைத்துக்கொண்டு, நடை பழகும் காலத்தைக் கன்னங்குறிச்சியில் கழியுங்கள். இரண்டு தடவை ஏற்றி இறக்க வேண்டாம்.

வண்டியில் ஏற்றும்போது பின்னங்கால் முறிந்த குதிரை வண்டி போகும் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். பிரேக் போட்டாலும் இறக்கமானாலும் எடை முன்னங்காலுக்குப் போகும். முன்னங்கால் முறிவு என்றால் அப்படியே திருப்பி நிறுத்த வேண்டும். இரண்டு பக்கமும் சாய்ந்துகொள்ள வைக்கோல் மூட்டை அடுக்குங்கள், கழுத்துக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தியே கட்டுங்கள், தலையை அசைத்துத்தான் குதிரை நிலை பார்த்துக்கொள்ளும். ஏறும் பலகை தாழ்வாக, வழுக்காததாக இருக்கட்டும். காலைக் குளிரில் இறங்குங்கள்.

இரண்டு மாதப் படத்தில் முறிவில் எலும்பு ஊறியது தெரிந்தால் கையில் பிடித்து நடத்தலாம். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு வேளை, மண் தரையில், நேர்க்கோட்டில். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். மறுநாள் நொண்டினாலோ கால் வீங்கினாலோ முந்தின வாரத்துக்குத் திரும்புங்கள். முறிந்த இடத்தில் முண்டு பெரிதாக வளர்ந்து பக்கத்தில் இருக்கும் தசைநாரை உரசுகிறதா என்று ஸ்கேன் செய்து பார்ப்பது நல்லது, நன்றாகத் தேறிய குதிரை மறுபடி நொண்டுவது பெரும்பாலும் அதனால்தான். வட்டக் கயிற்றில் ஓடவிடுவது, அவிழ்த்து விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பது இரண்டும் கடைசிக் கட்டத்தில்தான்.

ஏரிக்கரையான்

அண்ணனிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டிவிட்டேன். தவிடு நின்றாயிற்று. ஆடு இன்றைக்கு மஞ்சக்குட்டையிலிருந்து வருகிறது. வியாபாரி மறுபடி போன் பண்ணினார், அம்மாவே எடுத்துப் பேசிவிட்டார், இனிமேல் பண்ண மாட்டார். மூன்று வாரம் மேலேயே வைத்துவிட்டு அப்புறம் கன்னங்குறிச்சி என்று முடிவு. ஒரு கேள்வி மட்டும் பாக்கி, அண்ணன் கேட்கச் சொன்னது: கோடை விழாவின் கடைசி நாட்களிலாவது, ஓட்டாமல், சும்மா நடையில், ஆள் ஏற்றலாமா? பெரியவர்களை எப்போது ஏற்றலாம்?

நாமக்கல் மருத்துவர்

கோடை விழாவுக்குக் கிடையாது. மே மாதம் அது கையில் பிடித்து நடக்கும் கட்டத்தில்தான் இருக்கும். எல்லாம் ஒழுங்காகப் போனால் ஆறு மாதத்துக்குப் பக்கத்தில் குழந்தைகளை ஏற்றலாம், காலாண்டு விடுமுறைக் கூட்டத்துக்குச் சரியாக இருக்கும், அதுவும் முதலில் ஏரிக்கரைச் சமதரையில் மட்டும், பகோடா பாயிண்ட் ஏற்றமெல்லாம் அப்புறம். பெரியவர்கள் கணக்கு முறிவுக்கு முன்பும் இதேதான்: சேணமும் ஆளும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 250 கிலோவுக்கு 50 கிலோ. சேணத்தைக் கழித்தால் நீங்களே ஏற முடியாது.

பழைய சயீஸ்

அண்ணனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். உதைத்தது யாருடைய குதிரையோ, அதன் பின்னங்கால் லாடம் இரண்டையும் கழற்றச் சொல்லிப் பேசுங்கள், வெறும் குளம்பு என்றால் உதை இவ்வளவு கடுமையாக இறங்காது. கொள்ளு வைக்கும்போது இரண்டு குதிரைக்கு நடுவில் பத்தடியாவது விட்டுக் கட்டுங்கள், ஜோடிக் குதிரையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.